வைரவர் எல்லைக்குள் வெறுங்கால்

பென்சன் எடுக்கும் வரை நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது சுகாதாரம். தோட்டத்துக்குள் இறங்கும்போது காலில் என்ன போடவேண்டும் என்று நான் கேட்டால், வகுப்பு முழுவதும் ஒரே குரலில் “செருப்பு!” என்று கத்தும். கத்தாத பிள்ளையை எழுப்பி நிறுத்தித் தனியாகக் கத்தவைப்பேன். “கேக்கேல்லை, இன்னும் பெலத்து” என்பேன். அப்படிப்பட்ட நான், என் சொந்த வளவில் வெறுங்காலுடன் தேசிமுள்ளை, அதுதான் எலுமிச்சை முள்ளை, மிதித்து, மிதித்தது தெரியாமலே திரிந்து, கடைசியில் காலையே இழக்கப் பார்த்தேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. ஆனால் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை முழுவதும் இந்தக் கதை ஏற்கெனவே உலாவிவிட்டது. மற்றவர்கள் கூட்டிக் குறைத்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறது. பாதங்கள் விறைத்துப் போய்க் கன காலம். செருப்பு காலில் இருந்து கழன்று போனதைக்கூட அறியாமல் சந்தைக்குள் நடந்திருக்கிறேன். உள்ளங்காலை ஒவ்வொரு நாளும் கண்ணாடி பிடித்துப் பார்க்கவேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, ஒரு சின்னக் கண்ணாடி வாங்கி வந்தேன். அதில் பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, ஒருநாளும் காலைப் பார்க்கவில்லை.

என் கணவர் இதற்கு நேர்மாறு. அவர் துறைமுகத்தில், கப்பலில் இருந்து சாமான் இறக்கும் பகுதியில் வேலை செய்தவர். கூட நின்ற ஒருவரின் காலில் இரும்புச் சங்கிலி விழுந்ததைக் கண்ணால் கண்டவர். அன்றிலிருந்து முனையில் இரும்பு வைத்த சப்பாத்து இல்லாமல் அவர் வெளியே கால் வைத்ததில்லை. ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. புல் பிடுங்கவும் சப்பாத்து, கோழிக்குத் தீன் போடவும் சப்பாத்து. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அதற்குக் கீழே அந்தப் பெரிய கறுப்புச் சப்பாத்துகளோடு அவர் ஒழுங்கையில் இறங்கினால், பக்கத்து வீட்டுக்காரிக்கு அன்றைக்குச் சிரிக்க வேறு ஒன்றும் தேவையில்லை. எனக்கு அப்போது அவரை நினைத்துத்தான் வெட்கமாக இருக்கும்.

மண்வெட்டியை வேலை முடிந்ததும் கழுவிச் சுவரில் கொளுவுவார். குப்பை வாரும் விறாண்டியைப் பல்லு நிலத்தைப் பார்க்கக் கிடத்துவார். கத்தியைச் சாக்குத் துண்டால் சுற்றி வைப்பார். நான் ஏதாவது ஒன்றைக் கண்டபடி போட்டுவிட்டு வந்தால், அதை எடுத்து வைத்துவிட்டு வந்து ஒரு பிரசங்கம் வைப்பார். படிப்பித்தவள் நான், பிரசங்கம் வைப்பவர் அவர். இது எனக்குப் பொறுக்காது.

வளவின் பின்பக்கம், கிணற்றடிக்கு அப்பால், வேம்பின் கீழே எங்கள் வைரவர் இருக்கிறார். ஒரு சூலம், அதற்கு முன்னால் ஒரு கருங்கல், விளக்கு வைக்க ஒரு சின்ன மாடம். கணவரின் தகப்பனார் நட்டு வைத்தது. சூலத்தைச் சுற்றி ஒரு பாய் விரிக்கக்கூடிய அளவு இடத்துக்கு அவர் முருகைக்கற்களை வரிசையாக வைத்திருந்தார். கடலில் இருந்து வந்த அந்த வெள்ளைக் கல்லுக்கு உள்ளே செருப்போடு போகக்கூடாது. அது அந்த வீட்டு வழக்கம். கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து நானும் அதை மீறியதில்லை.

மீறவில்லைதான். ஆனால் வேறு ஒரு வேலை செய்தேன். கிணற்றுத் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது என்று கண்டு, கற்களுக்கு வெளியே ஒரு கத்தரிப் பாத்தி போட்டேன். காய் பிடிக்கிற நேரத்தில் யாரோ பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆத்திரத்தில் முருகைக்கற்களைத் தூக்கிப் பாத்திக்கு வெளியே வைத்தேன். வைரவர் எல்லைக்குள் கை நீட்ட எவருக்கும் துணிவு வராது என்று நினைத்தேன். அது பலித்தது, களவு நின்றது. பிறகு வெண்டி போட்டேன், கற்கள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தன. பிறகு கீரை, பயற்றங்காய், ஒட்டுத் தேசி. சாமியைக் காவல்காரனாக வைத்து என் தோட்டம் பெருத்தது. கடைசியில் பின் வளவில் பாதி வைரவருடையதாகிவிட்டது. அந்தப் பாதி முழுவதும் நான் வெறுங்காலுடன் நின்று மண்வெட்டி பிடித்தேன்.

சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்பது கணவரின் பிடிவாதம். கழற்றாமல் உள்ளே வரக்கூடாது என்பது என்னுடையது. ஆகவே அவர் கல் வரிசைக்கு வெளியே நின்றபடிதான் எனக்குப் புத்தி சொல்வார்.

“இஞ்சாரும், மண்வெட்டி காலுக்குக் கிட்டப் போகுது. காலை அகட்டி வையும். ஒரு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கொத்தினா என்ன?”

“வைரவரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ.”

“அப்பா வைச்ச வைரவர் சூலத்தடியில இருந்தவர். கத்தரிப் பாத்திக்குள்ள இருக்கேல்லை.”

“இப்ப இருக்கிறார்.”

“நாய் உள்ளுக்குப் போகுது. அது கால் கழுவிப்போட்டே போகுது?”

“அது அவற்ற வாகனம்” என்பேன். எங்கள் நாயும் அந்த உரிமை தெரிந்ததுபோல் சூலத்தடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போவார். வாயால் வென்றுவிட்ட சந்தோஷத்தில் நான் இன்னும் வேகமாகக் கொத்துவேன்.

கச்சான் காற்று அனலாக வீசும் காலத்தில் ஒருநாள் அந்தத் தேசிமரத்தைக் கவ்வாத்துப் பண்ணினேன். கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, காய் பறிக்கப் போனால் கை கிழிந்தது. கணவர் வெளியே நின்று சொன்னார்: “வெட்டின கொப்பை அங்கங்க போடாதேயும். வெட்ட வெட்ட ஒரு இடத்தில குவியும். காய்ஞ்ச முள்ளு மண்ணோட மண்ணாப் போனா கண்ணுக்குத் தெரியாது.” இதைத்தான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று ஒரு கலியாண வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. கொப்புகளைக் கிடந்தபடி விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். பெரிய கொப்புகளை அடுத்தநாள் இழுத்துப் போட்டேன். சின்னச் சுள்ளிகள் எது எங்கே போனதென்று பார்க்கவில்லை. அதற்கு மேலே நடந்து நடந்து கீரை பிடுங்கினேன்.

முள் எப்போது குத்தியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கொஞ்ச நாள் கழித்துக் கிணற்றடியில் கால் தேய்க்கும்போது, இடது உள்ளங்காலில் சின்னவிரலுக்குக் கீழே ஏதோ கையில் பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தேன். கறுத்த ஒரு துளை. அமத்தியபோது சீழ் வந்தது. கொஞ்சமும் நோகவில்லை. நோகாத புண்தான் பொல்லாதது என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடமே ஈரச் சேலையோடு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவேண்டும் என்பதும் தெரியும்.

போகவில்லை. பயத்தால் போகாமல் விடவில்லை, வெட்கத்தால் விட்டேன். “சொன்னனான்தானே” என்று கணவர் சொல்லப்போவது காதில் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி வைரவர் குற்றம் என்று கதை கட்டுவாள். கிளினிக்கில் கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்பார்கள். இந்த மூன்று பேருக்கும் பதில் சொல்ல முடியாமல் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, அதற்கு மேலே மேஸ் போட்டுக்கொண்டேன். சப்பாத்துக்குள்ளே காலுறையாகப் போடுகிற மேஸ், கணவருடையது. மஞ்சள் பூசிவிட்டுப் புண்ணை மூடிவைக்காதீர்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவளும் நான்தான்.

“என்ன, வீட்டுக்குள்ள மேஸ்?” என்று கேட்டார்.

“குளிருது.”

மின்விசிறிக்குக் கீழே வியர்த்து வழிந்துகொண்டிருந்த மனுசன் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

காட்டிக்கொடுத்தது நாய். குசினியில் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நாய் வந்து என் இடது காலை மணந்து பார்த்தது. துரத்தினேன், திரும்பவும் வந்தது. காலைக் கதிரைக்குக் கீழே இழுத்தேன், அது கதிரைக்குக் கீழே புகுந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர் வந்து என் முன்னால் முழங்காலில் இருந்தார். மேஸைக் கழற்றினார். அந்த மணத்தை எனக்கு இப்போதும் மறக்க ஏலாது. விரல் ஊதாவாகிப் பாதம் பாதி வீங்கியிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு “சொன்னனான்தானே” வரும் என்று காத்திருந்தேன். அது வரவே இல்லை. அவர் எழும்பிப் போய் ஓட்டோவுக்குப் போன் எடுத்தார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் வார்ட்டில் படுக்கவைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு அம்மா. என்ன நடந்தது என்று கேட்டா. வாய் கூசாமல், ரோட்டில் உடைந்த போத்தல் குத்திவிட்டது என்றேன்.

“குடிச்சிட்டுப் போத்தல ஒடச்சிப் போட்டவன் நல்லா இருப்பானா?” என்று அந்த அம்மா எனக்காக ஆத்திரப்பட்டா. வந்தவர் போனவருக்கெல்லாம் என்னைக் காட்டி, ரோட்டில் போத்தல் போடுகிறவர்களைத் திட்டித் தீர்த்தா. நானும் ஓம் ஓம் என்று ஒத்துப் பாடினேன்.

அந்த நேரம் பார்த்து மருந்து கட்ட வந்த மிஸ்ஸி என்னை உற்றுப் பார்த்தா. “டீச்சர்! என்னைத் தெரியேல்லையா? கடைசி வாங்கில இருந்தனான்.” நான் எழுப்பி நிறுத்திக் கத்தவைத்த பிள்ளைகளில் ஒன்று. இப்போது நல்ல கெட்டிக்காரத் தாதியாக, என் நாற்றமடிக்கிற காலை மடியில் வைப்பதுபோல் பக்குவமாகப் பிடித்திருந்தது. புண்ணைத் துப்புரவாக்கி, உள்ளே இருந்து ஒன்றை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தது. நெல்லுமணி அளவுகூட இல்லாத கறுப்பு நுனி.

“இது போத்தல் இல்லை டீச்சர். தேசிமுள்ளு. தோட்டத்துக்க நிண்டனீங்களா?”

கிண்ணியா அம்மா எட்டிப் பார்த்தா.

பிள்ளைக்குக் கண்ணில் குறும்பு வந்துவிட்டது. கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே, என் குரலில், நான் வகுப்பில் இழுக்கிற மாதிரியே இழுத்துக் கேட்டது: “தோட்டத்துக்குள்ள இறங்கேக்க காலில என்ன போடவேணும்?”

“செருப்பு” என்றேன்.

“கேக்கேல்லை, இன்னும் பெலத்து.”

வார்ட்டே சிரித்தது. கிண்ணியா அம்மாவும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தா. நானும் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்புக்குப் பதிலாக அழுகை வந்தது. அந்தப் பிள்ளை பதறிப்போய், “பகிடிக்குச் சொன்னனான் டீச்சர்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளையில் என்ன பிழை? பாடத்தை ஒழுங்காகப் படித்தது அது ஒன்றுதான்.

பின்னேரம் டொக்டர் வந்தார். கிருமி எலும்புக்குப் போய்விட்டது, சின்னவிரலை எடுக்கவேண்டும் என்றார். விரலோடு நின்றால் அதிர்ஷ்டம், ஏறிவிட்டால் பாதத்தை எடுக்கவேண்டிவரும் என்றும் சொன்னார். இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் மருந்தாலேயே பார்த்திருக்கலாம் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கணவர் கட்டில் தலைமாட்டில் நின்றார். அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருடைய மேஸை அல்லவா போட்டு மறைத்தேன்.

விரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கட்டு அவிழ்க்கும்போதும் எல்லோரும் பாதத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள், நான் அவர்களின் முகத்தைப் பார்ப்பேன். கணவர் காலையும் மாலையும் சோறு கொண்டுவந்தார். “கீரைக்குத் தண்ணி விட்டனான். கத்தரிக்கு மண் அணைச்சனான்” என்பார். கல் வரிசையைத் தாண்டாமல் எப்படி மண் அணைத்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பாதம் தப்பிவிட்டது என்று டொக்டர் சொன்ன அன்று, அவர் வார்ட்டுக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

கிளினிக்கில் எனக்கென்று அளவெடுத்து ஒரு செருப்புத் தந்தார்கள். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றக்கூடாது, குளிக்கும்போதுகூட வேறு ஒன்றைப் போடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அந்தச் செருப்போடு வீட்டுக்கு வந்து, அடுத்தநாள் காலை பின்விறாந்தையில் கதிரை போட்டு இருந்தேன். கல் வரிசைக்கு வெளியே கணவரின் சப்பாத்துகள் இரண்டும் சோடியாக நின்றன. உள்ளே கத்தரிப் பாத்தியில் அவர் வெறுங்காலுடன் நின்று மண் கொத்திக்கொண்டிருந்தார்.

பகல் வெளிச்சத்தில் அவருடைய பாதங்களை அன்றைக்குத்தான் வடிவாகப் பார்த்தேன். முழங்கால் வரை கறுத்த காலுக்குக் கீழே, வெயிலே படாத வெள்ளைப் பாதங்கள், குழந்தையின் பாதம்போல் மிருதுவாக. துறைமுகத்தில் அத்தனை இரும்புக்கும் நடுவில் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றி வைத்திருந்தவை. இப்போது நான் அள்ளாமல் விட்ட தேசிமுள்ளுகளுக்கு நடுவே நின்றன. மண்வெட்டி இறங்கும் ஒவ்வொரு தரமும் நான் கதிரையில் இருந்து பாதி எழும்பினேன்.

“என்னப்பா செய்யிறீங்கள்? சப்பாத்தைப் போடுங்கோ!” என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்தார். “ஏலாது. வைரவருக்குச் சொல்லிப்போட்டன்.”

“என்னத்தை?”

“உம்மட பாதம் தப்பவேணும் எண்டு. அதுக்கு நான் இனி அவற்ற எல்லைக்குள்ள வெறுங்காலோடதான் நிப்பன் எண்டு.” மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஏதோ தான் தப்புச் செய்தவர்போல் தலையைக் குனிந்தார். “வேற என்னத்தைக் குடுக்கிறது? என்னட்ட இருந்த ஒரே பிடிவாதம் அதுதானே.”

நாய்க்கு வாகனம் என்று பெயர் வைத்து நான் வாயால் வென்ற ஒவ்வொரு நாளும் ஞாபகம் வந்தது. அந்த எல்லை வைரவருடையது அல்ல. என் கத்தரிக்காய்க்கு நான் போட்ட வேலி. அதற்கு முன்னால் நின்று இந்த மனுசன் என் காலுக்காகத் தன் காலைக் கொடுத்திருக்கிறார். வைரவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார் என்று நினைத்தபோது சூலத்தின் பக்கம் திரும்பவே முடியவில்லை.

“அந்தக் கல்லுகளை நகர்த்தினது நான்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“தெரியும்.”

“திருப்பி வைப்பம். மாமா வைச்ச இடத்தில. உங்கட நேர்த்திக்கடனும் நிக்கும், உங்கட காலும் நிக்கும்.”

அவர் கல் வரிசையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் துடைத்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். பழைய இடம் எங்கே என்று தேடவேண்டியிருக்கவில்லை. வேம்பின் வேர்களுக்கு இடையே கற்கள் முன்பு இருந்த பள்ளங்கள் இன்னும் இருந்தன. ஒவ்வொரு கல்லாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். பாய் விரிக்கிற அளவு இடம் மட்டும் மிஞ்சியது. சப்பாத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டு அதைக் கூட்டி, சுள்ளி பொறுக்கி, தண்ணீர் தெளித்தார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டே நின்றா. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து வைரவருக்கு விளக்கு வைப்பது நான்தான். எண்ணெயும் திரியும் எடுத்துக்கொண்டு, தோட்டத்துக்குள்ளால் செருப்போடு மெல்ல நடந்து, கல் வரிசை வரை போனேன். அதற்கு மேலே போக முடியாது. செருப்பைக் கழற்ற எனக்கு அனுமதி இல்லை. பின்னால் வந்த கணவர் சப்பாத்தைக் கழற்றி, என் கையில் இருந்த எண்ணெயை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாய் எங்கள் இருவரையும் கடந்து போய்ச் சூலத்தடியில் படுத்தது. அந்த வெள்ளைப் பாதங்கள் வேரைத் தாண்டும்போது என் வாய் தானாகத் திறந்தது.

“பாத்து... முள்ளு ஏதும் கிடக்கும், பாத்துக் காலை வையுங்கோ.”

அவர் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் இத்தனை காலமும் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கும்பிடத் தூக்கிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டேன்.